நான் படிக்காமல் தாண்டிய நான்கு வரிகள்

லோட்ஸ்,
9 மார்ச் 1961

அன்பு மகள் சாலாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இரத்த அழுத்தமும் மருத்துவர் சொன்ன அளவுக்குள் நிற்கிறது. எட்டாம் மாதத்தில் இருக்கும் நீயும் மாப்பிள்ளை நாத்தானும் மெல்போர்ன் வெயிலில் அவ்வாறே நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே பனி இன்னும் உருகவில்லை, மாடிக் குழாய் உறைந்து இரண்டு நாளாயிற்று. சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது. போர்க்காலத்தில் மூன்று ஆண்டுகள் உன்னைத் தன் பிள்ளையென்று சொல்லிக் காப்பாற்றிய யுஸ்தினா அம்மாள் சென்ற வியாழனன்று நிமோனியாவில் காலமானார். இச்செய்தியை ஒரு வாரம் உன்னிடமிருந்து மறைத்தேன். ஏனென்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெண் பிறந்தால் யுஸ்தினா என்று பெயரிடுவதாக நீ எழுதியபோது, உயிரோடிருப்பவர் பெயரை நம் யூத வழக்கப்படி பிள்ளைக்கு வைப்பதில்லை என்று ஆட்சேபித்தேன். வழக்கம் உண்மை, காரணம் அதுவல்ல, பொறாமை. வதைமுகாமில் மாண்ட உன் தாய் ஈத்தாவின் பெயர் வர வேண்டுமென்பது என் ஆசை. யுஸ்தினாவின் பெயர் வரக்கூடாதென்பது அதைவிடப் பெரிய ஆசை. ஐந்து வயதில் உன்னை அவரிடம் விடுமுன், சாட்சியைத் தயார் செய்வதுபோல் இரண்டு வாரம் நானே கேள்வி கேட்டு, பொய்ப் பெயர் சொல்லப் பழக்கினேன். போர் முடிந்து நாற்பத்தைந்தில் திரும்பி வந்து அவர் வாசலில் நின்று உன் பெயரைக் கேட்டேன். “தெரெஸா. எங்கப்பா செத்துட்டாரு” என்று இமைக்காமல் சொன்னாய். என் வேலை அவ்வளவு கச்சிதம். அவர்தான், “போடி கழுத, மூக்கப் பாத்தா தெரியல? உங்கப்பன்தான்டி” என்று என் பக்கம் தள்ளினார். அவர் பாவாடையைப் பற்றியிருந்த உன் கையை நான் விரல் விரலாகப் பிரித்தேன். அதன்பின் ஓராண்டு வெள்ளிக்கிழமை விளக்கின் முன் சிலுவைக்குறி போட்டாய், என்னை ஐயா என்றாய்.

அவருக்கு எழுத்தறிவில்லாததால் உன் கடிதங்களை மாதந்தோறும் பேருந்தில் போய் நான்தான் படித்துக் காட்டினேன். எனக்கு ஒரு பக்கம், கீழே ‘சாலா’. அவருக்கு நான்கு பக்கம், கீழே ‘உங்கள் தெரெஸா’. ‘அம்மா’ என்ற சொல்லை என் குரலிலேயே அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பிப்ரவரியில், பெயரைப் பற்றிய நான்கு வரிகளைத் தாண்டிவிட்டேன். ஆவணத்தில் ஒரு காற்புள்ளியையும் விடாதவன் நான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, “வக்கீலய்யா, எதையோ முழுங்கிட்டீங்களே” என்றார். படித்தேன். வழக்கத்தையும் சொன்னேன். “அப்ப நான் கெடந்து இழுத்தா புள்ள பேரில்லாம நிக்குமே, சீக்கிரம் கெளம்பிடுறேன்” என்று சிரித்தார். அதற்குப் பதினெட்டாம் நாள் கிளம்பிவிட்டார்.

செய்தி தாமதமானால், அவர் உயிரோடிருப்பதாகவே நீ எண்ணுவாய், பொய் எதுவும் சொல்லாமலே ஈத்தா என்ற பெயர் நிலைத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அடக்கத்தன்று தபால்காரர், “எப்பவும் நீங்கதானே படிப்பீங்க” என்று அவருக்கு வந்திருந்த உன் கடிதத்தை என்னிடம் கொடுத்திருந்தார். நேற்று கல்லறைக்குப் போய் அதைப் பிரித்து, உரக்க, ஒரு வரியும் விடாமல் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், “படிக்கிறவருக்குச் சூடா டீ குடும்மா, குளிர்ல பஸ்ல வந்திருப்பாரு, கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு” என்று இருந்தது. அந்த வரியை இரண்டாம் முறையும் உரக்கப் படித்தேன்.

என் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன். யுஸ்தினா என்றே வை. ஈத்தா இரண்டாம் பெயராக வர இயலுமா என்பது கோரிக்கை மட்டுமே. நீயும் குழந்தையும் குறைவின்றி வாழ என் ஆசிகள். கனமான வாளி எதையும் தூக்காதே. இனி எனக்கும் நான்கு பக்கம் எழுது. கீழே எந்தப் பெயரில் கையெழுத்திட்டாலும் சரி.

உன் அப்பா,
மாவ்ரிசி