எல்லா டம்ளரிலும் சிவப்புப் பொட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆத்தூர் தோப்பில் ஒளிஞ்சது போதும். பயாப்சியில் தொண்டைப் புற்றுக்கட்டிக்கு வைரஸ்தான் காரணம்னு வந்ததும், அத்தை உங்க டம்ளரைத் தனியா எடுத்து நகப்பாலிஷில் சிவப்புப் பொட்டு வச்சாங்கல்ல? நேத்து வீட்டிலிருக்கிற அம்புட்டு டம்ளருக்கும் நான் பொட்டு வச்சுட்டேன்.

"இதுல எதுடி உங்கப்பனோடது?"

"எல்லாந்தான் அத்தை."

டாக்டர் எங்கிட்டத் தெளிவாச் சொன்னார். டம்ளர்ல அது ஒட்டாதாம், பெரும்பாலும் படுக்கை உறவுலதான் ஒட்டுமாம். இந்த வைரஸால வந்த கட்டி வைத்தியத்துக்கு நல்லா அடங்குமாம். மத்த தொண்டைக் கட்டிக்காரங்களைவிட நீங்க பிழைக்க வாய்ப்பு அதிகமாம். ஆனா வைத்தியத்துக்கு வந்தாத்தானே?

வைரஸ் எப்படி வந்துச்சுன்னு ஊர் வேணா கேட்கட்டும். அம்மாவும் நானும் கேட்க மாட்டோம்.

திங்கக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் கட்டிக்குக் கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைக்கணும். நீங்க வராட்டி, உங்க பேரைச் சொல்லி அந்தக் கரண்ட் மேசையில நான் ஏறிப் படுத்துக்குவேன்.

இப்படிக்கு,
உங்க மூத்த தலைவலி