மேற்குச் சரிவின் கறுப்பு

சார்,

சமயநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு அம்மா கூறுகட்டி விற்ற மலைநெல்லிக்காயைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். விளாங்குடிச் சுவரில் அஞ்சலிச் சுவரொட்டி இன்னும் கிழியாமல் இருக்கிறது. "வானத்திலிருந்து வனம் காத்தவரே" என்று போட்டிருக்கிறார்கள். நின்று படித்துச் சிரித்தேன்.

நீங்கள் வனம் காத்த லட்சணம் எனக்குத் தெரியாதா? எண்பதுகளின் தொடக்கத்தில் நம் வனத்துறை அலுவலகத்துக்குச் செயற்கைக்கோள் படங்கள் வந்தபோது, ஏதோ நீங்களே மேலே ஏறி எடுத்து வந்தது போல நடந்தீர்கள். வருட வாரியாக மேசையில் அடுக்கி, காடு எங்கெங்கே எரிந்தது என்று நீங்கள் விரலால் காட்டுவீர்கள். நான் டிரேசிங் தாளில் மை தொட்டு நிரப்புவேன். எழுமலைக்கு அப்பால், மலையின் மேற்குச் சரிவில், மூன்று வருடமும் ஒரே இடத்தில் கறுப்பு. "பாருய்யா, ஒவ்வொரு கோடைக்கும் அதே எடத்துல கொளுத்துறானுக. காவக்காரன் தூங்குறான்" என்றீர்கள்.

அந்தச் சரிவின் தீக்காவலர் கருப்பையா ஒரு நெல்லிக் கிளையோடு வந்து நின்றார். "அங்கன தீயே விழுகல சார். எரிஞ்ச எடத்துல இம்புட்டுக் காய் காய்க்குமா? ஒரு எட்டு வந்து பாருங்க." நீங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. மலையேறினால் மூச்சு வாங்குமே! காயைப் பறித்து, மதியச் சாப்பாட்டு உப்பில் தொட்டுத் தின்றபடி, "ஆகாசத்துல இருந்து பாத்தது பொய்யாய்யா?" என்று கேட்டு, அவரை வேலையைவிட்டு நிறுத்தும் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். பிறகு அவர் செங்கல் சூளைக்கு விறகு தள்ளப் போனதாகக் கேள்வி.

அது எரிந்த தழும்பே இல்லை சார். மலையின் நிழல். செயற்கைக்கோள் நம் பக்கம் எப்போதும் காலையில்தான் கடந்தது. நீங்களோ மேகம் இல்லை என்று வருடா வருடம் தை மாதப் படத்தையே பொறுக்கினீர்கள். தை மாதக் காலையில் மேற்குச் சரிவில் வெயில் ஏது? ஆடு மேய்ப்பவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கோடையில் எடுத்த படம் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் அந்தக் கறுப்பே இல்லை.

கருப்பையா வருவதற்கு முன்பே அதை நான் பார்த்துவிட்டேன். என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போது உங்கள் மேசையில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் உங்களைத் திட்ட ஆரம்பித்தால் பாதியில் என் குரல் இறங்கிவிடுகிறது.

அன்று அவர் படியிறங்கியதும் மீதியிருந்த ஒரு காயை என்னிடம் நீட்டினீர்கள். "சாப்பிடுய்யா, நல்லாருக்கு." வாங்கித் தின்றேன். பிறகு பானைத் தண்ணீர் குடித்தேன். அது இனித்தது சார். அந்த இனிப்பு இன்னும் என் நாக்கை விட்டுப் போகவில்லை.