காக்ஷூர்: ஓர் எடுத்துக்காட்டு

மார்ச் 3

மகாராணிக்கு,

நலம். சரிபார்க்கச் சொல்லி உன் அகராதி அலுவலகம் அனுப்பிய லிஃப்ட் சொற்கள் வந்தன. இருபத்திரண்டு வருஷ மெக்கானிக் அதையெல்லாம் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அதே தாள்கட்டில் ‘காக்ஷூர்’ (cocksure) என்றோர் ஆங்கிலச் சொல். அதற்கு நீ எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியம்: ‘மின்சாரம் நின்றுவிட்டது என்று மெக்கானிக் அடித்துச் சொன்னார், மைத்துனருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.’

உன் தம்பி ஓர் அவசரக்குடுக்கை. அதற்கு நான் பொறுப்பா? அந்த வாக்கியத்தை எடு. தம்பி வீட்டில் உட்கார்ந்தது போதும், வந்து சேர்.

உன் கணவன்

மார்ச் 9

லிஃப்ட் மேதைக்கு,

வணக்கம். பொருள் தெரியாமல் கோபப்படுகிறீர்கள். பார்த்துவிட்டுச் சொன்னால் தன்னம்பிக்கை. பார்க்காமலே அடித்துச் சொன்னால் காக்ஷூர். யாரையும் பாராட்ட இதைப் பயன்படுத்துவதில்லை.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் பிரேக்கின் விளக்கம் கதவுக்கும், கதவினுடையது பிரேக்குக்கும் இடம் மாறிக் கிடந்தது. தம்பிதான் கண்டுபிடித்தான்.

“கரண்ட் ஆஃப்தான்டா, பயப்படாம கைய உள்ள விடு” என்று அன்று லிஃப்ட் வேலையில் நீங்கள் சொன்னதை அவன் இன்னும் தூக்கத்தில் சொல்கிறான். ஆஸ்பத்திரிப் பக்கம்கூட நீங்கள் வரவில்லை. நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்குள் வந்து அவனிடம் “தப்பு என்னுதுதான்” என்று சொல்லுங்கள். வாக்கியத்தை மாற்றுகிறேன், வீட்டுக்கும் வருகிறேன். பன்னிரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்ததற்காக இதைக் கேட்கிறேன்.

உங்கள் மனைவி

மார்ச் 14

அம்மணிக்கு,

மன்னிப்பா, அந்தப் பொடியனிடமா? நல்ல வேடிக்கை. என்னை விட்டால் உனக்குப் போக்கிடம் ஏது? ஒன்றாம் தேதி நீ வந்துவிடுவாய் என்று மாடி வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன். உன் அலமாரியைத் துடைத்து வைத்திருக்கிறேன். வரும்போது அவனிடம் இருக்கும் என் ஸ்குரூடிரைவர் செட்டை மறக்காமல் வாங்கி வா.

உன் கணவன்

மார்ச் 20

ஐயா,

நீங்கள் கேட்டபடி வாக்கியத்தை மாற்றிவிட்டேன். பழையது நீளம் என்று அகராதி ஆசிரியருக்கும் குறை இருந்தது. உங்கள் கடிதத்திலேயே காக்ஷூருக்குச் சின்னதாக ஒன்று கிடைத்தது:

‘ஒன்றாம் தேதி மனைவி வந்துவிடுவாள் என்று மாடி வீட்டாரிடமும் சொல்லி வைத்தார்.’

அச்சுக்கான சீட்டை எழுதித் தந்தது தம்பி, இடது கையால். எழுத்து கொஞ்சம் கோணல்தான். கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை சரிபார்த்தான்.

ஸ்குரூடிரைவர் செட் தனியாக வரும். அலமாரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பியின் அக்கா