ஆடாதொடையும் அப்பாவின் பிராந்தியும்

மொசியே டாக்டர் ஆலேன் அவர்களுக்கு,

லாஸ்பேட்டையில் தங்கை ரூபி வீட்டுக்குப் போகிறேன். மீன் குழம்பு இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முறைத்துக்கொண்டே படுத்துவிட்டீர்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

உங்கள் ஆடாதொடைச் சாறு ஆய்வுக்கூடத்தில் வைரஸை அடக்கியது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் என் அப்பாவின் இருமலும் அதனால்தான் நின்றது என்று மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எல்லோரிடமும் சொன்னீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அந்தக் கசப்பை அவர் பிராந்தியில் கலந்துதான் குடித்தார். "மாப்ள மருந்து பிரமாதம்மா, இன்னொரு டோஸ் குடு" என்று இப்போதும் கேட்கிறார்.

அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர்கள் நாலு பேருக்கும் திடீரென்று இருமலாம். சாயங்காலம் மருந்துக்கு வருகிறார்கள். வெந்நீரில் மட்டும் கலந்து கொடுங்கள். பிராந்தி அலமாரிச் சாவி என் கைப்பையில். அப்பாவும் என்னோடுதான் வருகிறார், அவர் இருந்தால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும்.

ஆடாதொடை பற்றிய உங்கள் ஆய்வுக் கட்டுரையை அதற்குள் பத்திரிகைக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்களைப் பார்த்து ஊர் சிரித்தால் எனக்குத் தாங்காது.

ஜெனவியேவ்

பி.கு.: நாலு பேரில் ஒருவராவது நாளைக்கும் அந்த வெந்நீர் மருந்தைக் கேட்டு வந்தால், உங்கள் இலையை நம்புகிறேன். கட்டுரையை நானே உட்கார்ந்து டைப் அடித்துத் தருகிறேன்.