பதினோராம் அத்தியாயத்தில் என் வீடு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி உலரவில்லை. அலுவலகத்தில் மின்தூக்கிப் பராமரிப்பு அறிவிப்புகள் நான்கு, எல்லாம் தமிழில் மொழிபெயர்க்க.

மாலை மின்னஞ்சலில் ஷீலாவின் புது நாவல். ஆறாவது. காதல், கலாட்டா, கடைசியில் கல்யாணம். வழக்கம்போல் பிழை திருத்துவது நான். ‘நீ பாத்தாதான் எனக்குத் தூக்கம் வரும் டி.’ கல்லூரியில் என் கட்டுரையைப் பார்த்து எழுதியவள். என் நாவல் பன்னிரண்டு வருடமாக நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறது.

நாளைக்கு: பல் மருத்துவர், பால், அம்மாவுக்குத் தைலம்.

மார்ச் 4, புதன்

ரயிலில் ஐம்பது பக்கம். நன்றாக இருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது. இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், எதிரே இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பல் மருத்துவர் அறையில் வானொலி. ஷீ.யின் பேட்டி. ‘இதெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து கெடைக்குது?’

‘பாக்குறவங்க எல்லார்கிட்டயும் கேப்பேன். டாக்ஸி அங்கிள், ரத்தம் எடுக்குற நர்ஸ், பூக்கடை அக்கா. எப்படிச் சந்திச்சீங்க, யாரு மொதல்ல சொன்னது? கேட்டா சொல்லிடுவாங்க லா.’

வாயில் பஞ்சோடு, என் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

பதினோராம் அத்தியாயம்.

நாயகன் காப்பிக்கடையில் காதலியிடம் கேட்கிறான்: ‘நம்ம சேந்து வீட்டுக்கு அப்ளை பண்ணலாமா?’ இந்த ஊரில் அரசாங்க வீட்டுக்கு ஜோடியாகத்தான் விண்ணப்பிப்பார்கள்; பாதிப் பேர் இப்படித்தான் கல்யாணத்துக்குக் கேட்டிருப்பார்கள். அதில் ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பத்தில் ‘மார்சிலிங்’ என்ற வட்டாரம் அடிக்கப்பட்டு, மேலே பச்சை மையில் ‘பிடோக்’. அது என் விண்ணப்பம். இருபத்து மூன்று வருடம் முன்பு அருள் என் முன்னால் வைத்தது. என் கணவர் அருள்.

பிடோக் என் தேவாலயத்துக்குப் பக்கம். என் பாடகர் குழுவுக்காகத்தான் மாற்றி எழுதினார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மாவிடம், குழுவில், அலுவலகத்தில், எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஷீ. எழுதியிருப்பது வேறு. அவன் ரயிலில் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துப் பழகுகிறான். கையில் விண்ணப்பம். பக்கத்துச் சீன அங்கிள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, ‘மார்சிலிங் ரொம்பத் தூரம் லா, பொண்ணு ஒத்துக்காது. பிடோக் போடு’ என்கிறார். பேனாவும் அவரே கொடுக்கிறார். பச்சை.

மூன்று முறை படித்தேன். திருத்த ஒரு பிழைகூட இல்லை.

மார்ச் 6, வெள்ளி

தவக்காலம். மீன் குழம்பு. உப்பு அதிகம். அருள் தண்ணீர் நிறையக் குடித்தார்.

கேட்டேன்.

‘அதுவா? கிறிஸ்மசுக்கு நீ தேக்காவுல பிளவுஸ் அளவு குடுக்கப் போனல்ல. கீழ காப்பிக்கடையில நானும் ஷீலாவும் தே குடிச்சிட்டு இருந்தோம். அப்பச் சொன்னேன்.’

‘அந்த அங்கிள் நெஜமா?’

‘நெஜந்தான்.’

‘எங்கிட்ட ஏன் சொல்லல?’

‘நீ கேக்கலையே. கோயிலுக்குப் பக்கம்னு நீயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்த. சந்தோஷமா இருந்த. நான் எதுக்குக் கெடுக்கணும்?’ முள்ளை எடுத்துக்கொண்டே.

அவர்களுக்குள் வேறு ஒன்றும் கிடையாது. நன்றாகத் தெரியும். இருந்திருந்தால் கத்தவாவது கத்தியிருப்பேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள், ஒரு தே குடித்தாள், என் பாதிக் கல்யாணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 7, சனி

பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. ‘பொறாமை, ஃபாதர்’ என்றேன். யார் மேல் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்ததும் ஷீ.யை அழைத்தேன். பின்னால் தட்டுச் சத்தம்; புக்கிட் மேரா உணவங்காடியில் உட்கார்ந்துதான் எழுதுவாள்.

‘பதினொண்ணு என் கதை. எடுத்துடு.’

‘ஐயோ, உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். புருஷன் பொண்டாட்டிதானே டி, பேசியிருப்பீங்கன்னு…’ தட்டை ஓரம் தள்ளும் சத்தம். ‘சரி, எடுத்துடறேன். நீ எழுது.’

‘உனக்குக் கோபம் இல்லையா?’

‘சே. எங்கிட்ட இன்னும் பத்து கதை இருக்கு லா.’

பத்து! அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மேசையில் உட்கார்ந்தேன். நாற்பத்தோராம் பக்கம். வந்ததெல்லாம் அவள் வாக்கியங்கள். அடித்தேன். மறுபடியும் அவள்தான் வந்தாள்.

அ. இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

‘அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தீங்க?’

நிமிர்ந்து பார்த்தார். ‘எழுதப் போறியா?’

‘சொல்லுங்க.’

‘அண்ணன் சட்டை. கை ரொம்ப நீளம். மடிச்சு விடுறேன், எறங்குது, மடிச்சு விடுறேன், எறங்குது. அங்கிள் தாங்க முடியாம அவரே புடிச்சு மடிச்சு விட்டாரு. சிட்டி ஹால் ஸ்டேஷன் வர்ற வரைக்கும் என் கைய விடல.’

இது நாவலில் இல்லை. எனக்கு மட்டும். கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

‘ஆமா’ என்றார் அவரும் சிரித்தபடி. ‘ஷீலாவும் இந்த எடத்துலதான் சிரிச்சாங்க.’

பேனாவைக் கீழே வைத்தேன். அவர் தேங்காய்ப்பூவைத் தூவினார், சர்க்கரை போட்டார், என் தட்டை என் பக்கம் தள்ளினார்.

பேனாவை எடுத்தேன். ‘அப்புறம்?’