பிரேக் மிதிக்க ஓர் ஆள்

மார்ச் 3, திங்கள்

பிரேக் மிதி இன்றைக்கு இன்னும் கீழே போகிறது. காய்கறிக் கடை வாசலில் இரண்டு தடவை மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. முன்னால் இருந்த ஸ்கூட்டர்க்காரன் திரும்பி முறைத்தான். நான் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சக்கரம் சக்கரமாகப் பார்த்தேன். பின்னால், இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். தொட்டு மோந்தேன். பிரேக் ஆயில்தான். உள்ளே ரப்பர் போயிருக்கும்.

ஜன்னலில் இருந்து இவர், "என்ன, வண்டிக்கு ஜலதோஷமா?" என்கிறார். வலது முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே நக்கல். கல்யாணமான புதிதிலிருந்து இந்த வீட்டில் சமையல் அவருடையது, வண்டி என்னுடையது. இப்போது காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு, எனக்கு வெங்காயம் நறுக்கத் தெரியவில்லை என்று பாடம் எடுக்கிறார். ஸ்பானரை எடுத்துக் காட்டினேன். அப்புறம்தான் வாயை மூடினார்.

மார்ச் 4, செவ்வாய்

மகன் போன் பண்ணினான். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். வண்டியை வாங்க ஆள் பார்த்துவிட்டானாம். என் வண்டிக்கு, என்னைக் கேட்காமல்.

"அம்மா, உனக்கு என்ன வயசாகுதுன்னு நெனப்பு இருக்கா? இன்னும் காருக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு..."

"உன்னைப் பெத்த வயசு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடா. அதுல இருந்து நீயே கூட்டிக்கோ."

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், டாக்டரிடம் போக வாடகைக் கார் இருக்கிறது, அப்படி இப்படி என்று பேசினான். வாடகைக் காரில் போனால் போகிற இடத்துக்குத்தான் போக முடியும். எனக்குப் போகிற வழியில் நினைத்த இடத்தில் திரும்ப வேண்டும். இதைச் சொன்னால் அவனுக்கு எங்கே புரியப் போகிறது.

கடைசியில் ஒரு பந்தயம். அவன் வந்ததும் அவனே வண்டியை எடுத்து, மேட்டு ரோடு வரை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். பிரேக்கில் ஒரு குறை கண்டுபிடித்தால் சாவி அவனுக்கு. இல்லையென்றால் இனி விற்கிற பேச்சையே எடுக்கக் கூடாது.

வாய்விட்டாச்சு. பிரேக் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

மார்ச் 5, புதன்

"மெக்கானிக்கிட்ட குடுத்துடேன்" என்றார் இவர்.

எந்த மெக்கானிக்? முக்குக் கடைக்காரனா? கிளட்ச் வயர் வாங்கப் போனபோது, "வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா, அவருகிட்ட வெவரமா சொல்றேன்" என்றானே, அவனா? இவருக்குக் கிளட்ச் எது, கைப்பிடி எது என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். பிஸ்கட்டை முக்கினான், அது உடைந்து உள்ளே விழுந்தது. நன்றாக விழட்டும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் காற்று அடிக்கக்கூடப் போனதில்லை.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வண்டி வேலை புத்தகத்தில் படித்து வந்ததில்லை. மகன் கைக்குழந்தையாக இருக்கும்போது மழையில் வண்டி நின்றுபோனது. உதவிக்கு யாரும் இல்லை. பானட்டைத் திறந்தேன். அன்றைக்குத் திறந்ததுதான்.

மார்ச் 7, வெள்ளி

சக்கரத்தைக் கழற்றி, ரப்பரை மாற்றிவிட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவில்லை, இரும்பு ஸ்டாண்டும் போட்டேன் — மகன் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

படுப்பது சுலபம். எழுந்திருப்பதுதான் இப்போதெல்லாம் ஒரு பெரிய வேலை. தூணில் ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறேன். அதைப் பிடித்து முதலில் ஒருக்களித்து, அப்புறம் முழங்கால், அப்புறம் வண்டியை நாலு திட்டு, அப்புறம் எழுந்திருப்பது. அந்தத் திட்டு இல்லாமல் எழுந்திருக்க வருவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ரப்பர் மாற்றியாகிவிட்டது. ஆனால் ஆயில் போகிற குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. மிதித்தால் பஞ்சுமூட்டை மாதிரி இருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். அது மட்டும் தனியாளாகச் செய்ய முடியாத வேலை. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடும்வரை மிதியிலிருந்து காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

இத்தனை வருஷமும் மிதித்தவர் இவர்தான். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் சொன்னபடி மிதிப்பார். அந்த வலது கால்தான் இப்போது முக்காலியில் இருக்கிறது.

"கைத்தடியால அழுத்தட்டுமா?" என்றார். கைத்தாங்கலாகக் கூட்டி வந்து ஸீட்டில் பக்கவாட்டாக உட்கார வைத்தேன். தடி வழுக்கி, முழங்கை ஹாரனில் பட்டு, அது விடாமல் அலறி, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இவர் எல்லோருக்கும் கையை ஆட்டுகிறார். தேர்தலில் நிற்கிற ஆள் தோற்றுப்போவான்.

மார்ச் 10, திங்கள்

யாரைக் கூப்பிடுவது? எதிர் வீட்டுத் தையல்காரரைக் கேள் என்கிறார் இவர். என் ரவிக்கையைப் பிடிப்பாகத் தைத்துவிட்டு, "நீங்கதான் பெருத்துட்டீங்க" என்று சொன்ன மனுஷன். மாடி வீட்டு நர்ஸ் நல்ல பெண், ஆனால் பகல் முழுக்கத் தூக்கம்.

"பக்கத்துல ஒருத்தி இருக்காளே" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி. இவருடைய தம்பி மனைவி. ஒரே வீடு, நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது. வண்டி நிறுத்துகிற கொட்டகை மட்டும் பொது. என் வண்டிக்குப் பக்கத்திலேயே கொழுந்தனாரின் நீல வண்டி உறை போர்த்தி நிற்கிறது, அவர் இறந்துபோனதிலிருந்து.

அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. அவள் பெண் கல்யாணத்தோடு நின்றது. அன்றைக்குக் காலையில் கல்யாணப் பெண் வந்த கார் பாதி வழியில் பஞ்சர். டிரைவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அல்லாடுகிறான். புதுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சக்கரம் மாற்றியவள் நான். மண்டபத்துக்கு வந்து, கை கழுவி, பரிமாறக் கரண்டியை எடுத்தேன். சம்பந்தி வீட்டார் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் வந்து கரண்டியைப் பிடுங்கி, "அக்கா, கையெல்லாம் கிரீஸ். நீங்க பரிமாற வேண்டாம், போய் உக்காருங்க" என்றாள். அவள் கட்டியிருந்தது ஊதாச் சேலை, தங்கக் கரை. இடது காதுத் தோட்டின் திருகாணி தளர்ந்திருந்தது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அவளையா கேட்பேன்.

மார்ச் 11, செவ்வாய்

இவரே சுவர் மேல் எட்டிக் கேட்டுவிட்டார். பதிலும் வந்தது: "அக்காவே வந்து கேக்கட்டும், மாமா."

மார்ச் 12, புதன்

போக மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

போனேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது, வேறு என்ன செய்ய. அவள் வாசலில் போய் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே மறந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்தாள்.

"செருப்பு மாட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

அவ்வளவுதான். நான் கேட்கவில்லை. அதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

ஸீட்டில் அவள், சக்கரத்தடியில் நான். அழுத்து என்றால் அழுத்தணும், பிடி என்றால் பிடிக்கணும், விடு என்கிறவரை விடக் கூடாது — இதை மட்டும் சொன்னேன். முதல் இரண்டு தடவை ஒழுங்காகச் செய்தாள். மூன்றாவதில் திருகை மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டாள்.

"நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் விட்ட?"

"நீங்க சொல்ற வரைக்கும் பிடிச்சா கால் மரத்துப்போகுதுக்கா."

"உள்ள போன காத்தை உங்க தாத்தாவா வந்து எடுப்பாரு?"

"எங்க தாத்தாவை ஏன் இழுக்கறீங்க? அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

சிரிப்பு வந்துவிட்டது. மேலேயிருந்து துரு உதிர்ந்து வாய்க்குள் விழுந்தது. துப்பிவிட்டு மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தோம். கொஞ்ச நேரம் அழுத்து, பிடி, விடு தவிர வேறு பேச்சில்லை. அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ ஆரம்பித்தாள்.

"அக்கா, அன்னைக்குக் கல்யாணத்துல..."

"அழுத்து."

"சொல்ல விடுங்க."

"அழுத்திக்கிட்டே சொல்லு."

அழுத்தினாள். "சம்பந்தியம்மா உங்க கையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த அவசரத்துல அப்படிப் பேசிட்டேன்."

"அந்தக் கைதான் உன் பொண்ணை மண்டபத்துல கொண்டுவந்து சேத்துச்சு."

"தெரியும்கா. அது வெறும் கிரீஸ்னு நெனச்சிருந்தா அன்னைக்குப் பேசினதை நான் எப்பவோ மறந்திருப்பேன்."

"பிடி" என்றேன். பிடித்தாள். திருகைத் திறந்தேன். திருகில் மாட்டிய டியூபின் மறுமுனையில் இருந்த பாட்டிலில் குமிழ் வரவே இல்லை. ஆயில் மட்டும் தெளிவாக வந்தது. கயிற்றைப் பிடித்து எழுந்து, நானே மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.

மன்னித்தேன் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. மிதி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கே அவளுக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 16, ஞாயிறு

மகன் மேட்டு ரோட்டில் ஏறி இறங்கினான். பக்கத்தில் நான். இறக்கத்தில் வேண்டுமென்றே ஓங்கி மிதித்தான். வண்டி நின்றது, என் கைப்பை நிற்காமல் முன்னால் பறந்தது. திரும்ப வரும்வரை கண் ரோட்டிலேயே இருந்தது. அவன் அப்பாவும் தோற்றால் இப்படித்தான்.

கொட்டகையில் இறங்கியதும் புதிதாக ஒன்று பிடித்தான். "பிரேக் சரிம்மா. ஆனா நீ தனியா கிடந்து, ஒருநாள் எழுந்திருக்க முடியாம போச்சுன்னா?"

அது பந்தயத்தில் இல்லாத கேள்வி. கயிற்றைக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டினால் இன்னும் பயந்துபோவான்.

நீல வண்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தனியா எங்கடா? நான் இருக்கேன்ல."

எப்போது வந்து நின்றாளோ. மகன் அவளைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று அவன் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. வெளியே போய், வண்டி வாங்க இருந்த ஆளுக்குப் போன் பண்ணினான். "எங்கம்மா தரமாட்டாங்களாம்" என்றான். தரமாட்டாங்களாம். என்ன ஒரு பணிவு.

மார்ச் 22, சனி

நீல வண்டியின் உறையை எடுத்தோம். உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. முன் ஸீட்டில் கொழுந்தனாரின் கண்ணாடிக் கூடு. அவள் அதை எடுத்து முந்தானையில் துடைத்து, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்தாள். "இங்கேயே இருக்கட்டும், தேட மாட்டாரு" என்றாள்.

"ஓடுமாக்கா?"

"ஓட்டறது யாரு?"

"நான் கத்துக்கறேன்."

என்னைவிடப் பத்து வயது சின்னவள். கத்துக்கொள்ளட்டும். கார் அடியில் படுத்து எழுந்திருக்க அவளுக்குக் கயிறு தேவைப்படவில்லை. அது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

நீல வண்டிக்கு இன்று ஏர் எடுத்தோம். ஸீட்டில் நான், அடியில் அவள். "நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்று எனக்கே அதட்டல். கேட்டுக்கொண்டேன். அப்புறம் ஸ்டார்ட் பண்ணினாள். இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. இவர் தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைவரை நடந்தே வந்து கை தட்டினார்.

மத்தியானம் அவள் பெண்ணும் சம்பந்தியம்மாவும் சாப்பிட வந்தார்கள். சமையல் இவருடையது — கால் தேறிவிட்டது, வாயும்தான். ஓரகத்தி மூன்று தடவை சோப்பு போட்டும் நகத்தடியில் கருப்பு போகவில்லை. கரண்டியோடு வந்தாள். சம்பந்தியம்மாவின் கண் நேராக அவள் கைக்குப் போனது. எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. அன்றைக்கும் அதேதான், இமைகூடக் கொட்டாமல்.

"கிரீஸ்தாங்க" என்றாள் ஓரகத்தி. "கழுவியாச்சு. இதுக்கு மேல போகாது." சொல்லிவிட்டு, பரிமாறினாள்.

நான் தட்டை முன்னால் நீட்டி, "எனக்கு இன்னொரு கரண்டி போடு" என்றேன். வயிற்றில் இடமே இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.