பெருச்சாளியின் மீசையை நறுக்கியது நான்தான்

என் ஞானம் அக்காவுக்கு,

நீ காய்ச்சலில் போய் ஒரு வருஷமாகிறது. நம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நீ பாடம் நடத்திய அறையில் இப்போது நான் நிற்கிறேன். நேற்று பிள்ளைகள் உன் பெருச்சாளியைப் பற்றிக் கேட்டார்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆரல்வாய்மொழி வயல் வரப்பிலிருந்து அதைப் பிடித்துவரச் சொல்லி, தகரம் அடித்த பெட்டியில் மண் போட்டு, நுழைந்து வர ஒரு மண்குழாயும் வைத்து வளர்த்தாயே. இருட்டுப் பொந்துக்குள் கண்ணால் என்ன பயன், மீசையால்தான் அது வழி அறிகிறது என்றாய். நான் நம்பவில்லை.

"மயிருக்கு எப்படியக்கா உணர்ச்சி வரும்? நம்ம முடிய வெட்டினா நோவுதா?"

"மயிருக்கு ஒண்ணும் தெரியாதுட்டி. அதுக்க வேருதான் எல்லாம். வேரச் சுத்தி ரத்தம் நெறஞ்ச சின்னப் பை உண்டு, அதுல நரம்பு வந்து முடியுது. மீசைய முன்னயும் பின்னயும் ஆட்டிக்கிட்டே போவும். சொவருல பட்டு மயிரு வளைஞ்சா வேரு அசையும், நரம்பு மூளைக்குச் சொல்லிரும்."

பள்ளியைப் பார்வையிட வருகிறவர் முன்னால் அதை நடக்கவிட்டுக் காட்ட இருந்தாய். அதற்கு முந்தின நாள், நீ சாப்பிடப் போன நேரத்தில், சாக்கால் அதை அமுக்கிப் பிடித்து, தையல் கத்தரியால் இருபக்க மீசையையும் ஒட்ட நறுக்கினேன். நீ சொன்னது மெய்யா என்று பார்க்கத்தான். தினமும் புகுந்து வந்த மண்குழாயின் வாய் அதற்குத் தட்டுப்படவில்லை. பெட்டிச் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டது. பிறகு மூலையில் ஒடுங்கிவிட்டது.

மறுநாளும் அப்படியே. வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். அப்புறம்தான் நீ குனிந்து பார்த்தாய்.

"லில்லி, மீசைய யாரோ வெட்டியிருக்காவ. நேத்து யாருட்டி இங்க வந்தா?"

"எனக்குத் தெரியாதக்கா. பெருக்க முத்தம்மா வந்தா."

உடன் நின்ற தலைமையாசிரியைக்கு அது போதுமாயிருந்தது. முத்தம்மாள் அழுது மறுத்தும் அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஒரு மாதத்தில் மீசை வளர்ந்தது. பெருச்சாளியை வரப்பிலேயே விட்டாய். முத்தம்மாள்மேல் உனக்கிருந்த வருத்தம் மட்டும் தீரவில்லை. உன் படுக்கையருகே அத்தனை நாள் உட்கார்ந்திருந்தேனே, ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? எதற்குப் பயந்தேன்?

இன்று மண்டைக்காட்டுக்குப் போனேன். முத்தம்மாள் அங்கே கயிறு திரித்துப் பிழைக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஞானம் டீச்சரு என்னைய பொய்க்காரின்னு நெனச்சுட்டே போயிட்டாவ. இனி அவியகிட்ட போயி யாரு சொல்லுவா?"

மன்னிக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் எழவில்லை.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இதைச் சபைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். அவளைப் பழித்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும். திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் தலைமையாசிரியை முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் நின்று நான் செய்ததைச் சொல்வேன். அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா, எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. சொல்லிவிடுவேன், அக்கா.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் கூடப்பிறந்த லில்லி